தெருவும் நடையும்

அமெரிக்கா போய்த் திரும்பிய தமிழர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறவர்கள் நாங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று காவிரிப் படுகையின் ஊர்களிலிருந்து மகனையோ மகளையோ பார்க்க நியூஜெர்சிக்கும் சிகாகோவுக்கும் போய், ஆறு மாதம் தங்கித் திரும்பும் பெற்றோர் இன்று ஊருக்குப் பலர். அவர்களில் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரைகளில் தெருவுக்கு ஒரு பத்தி தவறாமல் உண்டு. தெரு அகலமாக இருக்கிறது. குப்பை இல்லை. ஹாரன் சத்தம் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் புன்னகைத்து வணக்கம் சொல்கிறார்கள். பாதசாரி கடப்பதற்காகக் கார்கள் நின்று வழிவிடுகின்றன. பிறகு ஒரு பெருமூச்சு: நம் ஊரில் இப்படி இல்லையே!

இந்தப் பெருமூச்சைப் பழிப்பது எங்கள் நோக்கமல்ல. சுத்தமான தெரு நல்லதுதான். அதை யார் மறுப்பார்கள்? ஆனால் ஒரு தெருவை அளக்க அதன் அகலமும் துப்புரவும் போதுமா என்பதே எங்கள் கேள்வி. தெரு என்பது மனிதர் நடப்பதற்காக ஏற்பட்டது. அங்கே யார் நிமிர்ந்து நடக்கிறார், யார் ஒதுங்கி நடக்கிறார், யார் அந்தப் பக்கமே வருவதில்லை என்பதைச் சொல்லாத தெரு வருணனை பாதி வருணனைதான்.

தஞ்சை மண்ணுக்குப் பயண இலக்கியம் புதிதல்ல. தி. ஜானகிராமன் ஜப்பானைப் பற்றி 'உதயசூரியன்' எழுதினார். ஆஸ்திரேலியாவைப் பற்றி 'அடுத்த வீடு ஐம்பது மைல்' எழுதினார். சிட்டியுடன் சேர்ந்து காவிரியை ஒட்டிப் பயணம் செய்து 'நடந்தாய் வாழி, காவேரி' எழுதினார். அமெரிக்காவைப் பொறுத்தவரை, 1973-74-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குச் சென்ற அசோகமித்திரனின் 'ஒற்றன்!' தமிழில் தனித்து நிற்கிறது. அது கட்டடங்களை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தது. ஆனால் அயோவா சிறிய ஊர். அமெரிக்கப் பெருநகரத்துத் தெருவில் அயலான் ஒருவன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சான்று இவற்றுக்கெல்லாம் வெகு காலத்துக்கு முந்தையது. எழுதியவர் பயணக் கட்டுரையாளர் அல்லர், துறவி. அவர் நம் கும்பகோணத்துக்கும் வந்து போனவர்.

விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டு மே 31-இல் பம்பாயில் கப்பலேறினார். அவரை அனுப்பிவைக்கப் பணம் திரட்டியவர்களில் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். சிகாகோ சொற்பொழிவின் முதல் வரியை நம் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அந்த மேடைக்கு முன்னால் அவர் பட்ட தெருப்பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாசசூசெட்ஸிலிருந்து அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில், தம் விநோதமான உடையைக் கண்டு தெருவில் ஜனங்கள் கூச்சலிட்டுக் கேலி செய்வதையும், பட்டினியோடும் குளிரோடும் சேர்த்துத் தாம் தாங்கவேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

செப்டம்பரில் சிகாகோ திரும்பியபோது, போய்ச் சேரவேண்டிய இடத்தின் முகவரி தொலைந்துவிட்டது. இரவு ரயில் நிலையத்துக் காலிச் சரக்குப் பெட்டி ஒன்றில் படுத்தார். காலையில் செல்வந்தர்கள் வாழும் தெருக்களில் வீடு வீடாகப் போய் வழி கேட்டார். கசங்கிய உடையும் களைத்த முகமுமாக வந்த அயலானுக்குக் கதவுகள் திறக்கவில்லை. சோர்ந்துபோய்த் தெருவோரத்தில் உட்கார்ந்தவரை எதிர்வீட்டிலிருந்து கண்ட திருமதி ஹேல் என்னும் அம்மையார் இறங்கி வந்து விசாரித்தார். அந்த ஒரு விசாரிப்பு இல்லாவிட்டால் சர்வமத சபைக்கு அவர் உரிய நேரத்தில் போயிருப்பாரா என்பது சந்தேகந்தான். ஆக, அமெரிக்கத் தெருவின் இரண்டு முகங்களையும் அவர் உடம்பால் அறிந்தவர்.

1895 தொடக்கத்தில் அவர் நியூயார்க்கில், மேற்கு 33-ஆம் தெருவில் 54-ஆம் எண் வீட்டில் அறை எடுத்துத் தங்கி வகுப்புகள் நடத்தினார். நகரத்துத் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரியில் திறக்கப்பட்டிருந்தது. அங்கே முதலில் பதிவு செய்யப்பட்டவள் அயர்லாந்திலிருந்து வந்த ஆனி மூர் என்ற இளம்பெண். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொட்டே அயர்லாந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கிய நகரம் அது. அந்த ஐரிஷ்காரர்களை விவேகானந்தர் கவனித்தார். கவனித்ததை 1897 ஏப்ரலில் டார்ஜிலிங்கிலிருந்து வங்க இதழாசிரியர் சரளா கோஷாலுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார்.

அதன் சாரம் இதுதான். கப்பலிலிருந்து இறங்கும் ஐரிஷ்காரனின் உடைமையெல்லாம் ஒரு தடியும் அதன் முனையில் தொங்கும் கந்தல் மூட்டையுமே. அவன் காலடியில் அச்சம், கண்ணில் மருட்சி. ஆறு மாதம் கழித்து அவனையே பார்த்தால் வேறு மனிதன். நிமிர்ந்து நடக்கிறான், உடை மாறியிருக்கிறது, காலிலும் கண்ணிலும் இருந்த பயம் போய்விட்டது. இதற்குக் காரணம் என்ன? சொந்த நாட்டில் அவனைச் சுற்றியிருந்த எல்லாமும் நீ அடிமையாய்ப் பிறந்தாய், அடிமையாகவே இருப்பாய் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவனும் அதை நம்பினான். இங்கே இறங்கியதும் சுற்றியிருந்தவை, நீயும் எங்களைப் போல மனிதன்தான் என்று சொல்லத் தொடங்கின. அதையும் அவன் நம்பினான்.

அயலான் ஒருவன் பெருநகரத்துத் தெருவைப் பார்த்ததில் இதைவிடக் கூர்மையான பார்வையை நாங்கள் கண்டதில்லை. கட்டடத்தின் உயரம் அதில் இல்லை. மின்விளக்கின் ஒளி இல்லை. ஒரு மனிதனின் நடை ஆறு மாதத்தில் எப்படி மாறியது என்பது மட்டுமே இருக்கிறது. அந்தக் கடிதத்தின் நோக்கமும் அமெரிக்கப் புகழ்ச்சி அல்ல. நம் நாட்டுப் பாமர மக்களின் கல்வியைப் பற்றிய கடிதம் அது. ஐரிஷ்காரனின் நடையைச் சொல்லும்போதே நம்மூர் ஏழையின் நடையும் அவர் மனத்தில் இருந்தது.

இந்தக் கடிதத்துக்கு இரண்டரை மாதம் முன்புதான் அவர் காவிரிப் படுகையைக் கடந்து போயிருந்தார். கொழும்பில் இறங்கி, பாம்பன், இராமநாதபுரம், மதுரை வழியாகச் சென்னைக்குப் போன அந்தப் பயணத்தில், 1897 பிப்ரவரித் தொடக்கத்தில் கும்பகோணத்தில் தங்கி 'வேதாந்தத்தின் பணி' என்ற உரையை நிகழ்த்தினார். கல்வியால் பெயர் பெற்ற ஊர் அது. அரசுக் கல்லூரி 1854 முதல் நடந்து வந்தது. வக்கீல்களும் ஆசிரியர்களும் மிராசுதார்களும் நிறைந்த ஊர். அந்த ஊரில் நின்றுகொண்டு அவர் பிறவிச் சலுகைகளை எதிர்த்துப் பேசினார். பரம்பரையால் பிராமணனுக்குக் கல்வியில் இயல்பான தகுதி உண்டென்றால், அவன் கல்விக்கு இனிப் பணம் செலவழிக்க வேண்டாம், தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிவைத்தவன் கல்விக்கே எல்லாவற்றையும் செலவிடுங்கள், பலவீனனுக்குத்தான் உதவி வேண்டும் என்ற பொருளில் சொன்னார். கும்பகோணம் அவருக்கு மாலையிட்டது. அவர் சொன்னதைத் தன் தெருவுக்குள் விட்டதா என்பது வேறு கேள்வி.

படுகையின் தெரு அமைப்பை வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். இங்கே ஊர் என்பது ஒன்றல்ல. ஆற்றங்கரையிலோ கோயிலை ஒட்டியோ அக்கிரகாரம். அதற்கு அப்பால் குடியானத் தெருக்கள். அதற்கும் அப்பால், நடுவில் வயலும் வாய்க்காலும் கிடக்க, சேரி. வயலுக்குத் தண்ணீர் பாய்வதற்கு ஒரு வழி இருப்பதுபோல் மனிதர் நடமாட்டத்துக்கும் வழி வகுக்கப்பட்டிருந்தது. நாற்று விட்டு, நடவு நட்டு, அறுத்து, களத்தில் அடித்து, நெல்லை மிராசுதாரின் வீட்டுக் கொல்லை வரை கொண்டுசேர்த்த பண்ணையாள், அந்த வீட்டின் வாசல் தெரு வழியே போக முடியாது. கொல்லைப்புறத்துச் சந்து அவனுக்கு; வயல் வரப்பு அவனுக்கு. போகவேண்டியே வந்தால் காலில் செருப்பு கூடாது, தோளில் துண்டு கூடாது. துண்டு இடுப்புக்கு வரவேண்டும். நிமிர்ந்து நடப்பது குற்றமாகவே இருந்தது.

இதை உள்ளூர்க்காரர்களைவிடத் தெளிவாக எழுதிவைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களே. இங்கிலாந்தில் பிறந்த மானுடவியலாளர் கேத்லீன் கௌ 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் பிறந்த ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் சூட்டி, 1965-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலின் வரைபடமே தெருக்களால் ஆனதுதான்: அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி. அக்கிரகாரத்தில் அவருக்கு வீடு கிடைத்தது. அந்த வீடு கிடைத்த காரணத்தாலேயே சேரிக்கு இயல்பாகப் போய்வருவது அவருக்குக் கடினமாயிற்று. ஆராய வந்த அயலானின் காலையும் தெரு கட்டிப்போட்டது என்பதைவிடத் தெருவின் பலத்துக்கு வேறு சாட்சி என்ன வேண்டும்? நம்மவர்கள் அமெரிக்கத் தெருவை ஆறு மாதம் பார்த்து எழுதுவதுபோல் இவர்கள் நம் தெருவைப் பார்த்து எழுதினார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது குப்பையை அல்ல.

காவிரிப் படுகையின் நடை மாறவேயில்லையா? மாறியது. ஆனால் கப்பலேறியோ மாலை மரியாதையாலோ மாறவில்லை. 1943-இல் மன்னார்குடிக்கு அருகே தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியது. அதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் பி. சீனிவாசராவ். அவரும் ஒரு வகையில் அயலார்தான். கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வந்து தமிழ் கற்று, 1961-இல் இறக்கும் வரை இந்தச் சேரிகளையே வீடாகக் கொண்டவர். மணலி கந்தசாமி போன்றோர் உடன் நின்றார்கள். 1940-களில் மன்னார்குடி வட்டாரத்தில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் கூலி நெல்லைப் பற்றி மட்டும் பேசவில்லை. சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கால் அடிப்பதும் ஒழியவேண்டும் என்பதையும் பேசின. 1952-இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இடுப்பில் இருந்த துண்டு தோளுக்கு வந்தது. கூலி எத்தனை மரக்கால் உயர்ந்தது என்பதைக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. ஒரு தலைமுறையின் முதுகு எத்தனை நிமிர்ந்தது என்பதை இலக்கியம்தான் கணக்கெடுத்திருக்க வேண்டும். சில நாவல்கள் நீங்கலாக, நம் இலக்கியம் அப்போது அக்கிரகாரத்துத் திண்ணையிலேயே பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது.

நிமிர்ந்த முதுகுக்கு விலையும் கேட்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு, அப்போதைய கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னர் 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை இந்தக் கட்டுரைக்காக மீண்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இவர்கள் பெரும் நிலம் படைத்த செல்வந்தர்கள். முதல் எதிரி கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம். இதுவே அந்த வாதம். யார் நடப்பார், யார் நடக்கமாட்டார் என்ற படுகையின் பழைய கணக்கு, நீதிமன்றத்தின் ஏட்டில் சாட்சியாகவே ஏறிவிட்டது. கும்பகோணத்துக்காரரான இந்திரா பார்த்தசாரதி 1970-களில் எழுதிய 'குருதிப்புனல்' டெல்லியிலிருந்து வந்த ஒருவனின் கண் வழியாக இந்த ஊரைப் பார்த்தது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. தஞ்சைத் தெருவைப் பார்க்க நமக்கே ஓர் அயலான் கண் தேவைப்பட்டிருக்கிறது.

இங்கே நண்பர்கள் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். அமெரிக்கத் தெரு அவ்வளவு உயர்ந்ததா? ஐரிஷ்காரன் நிமிர்ந்து நடந்த அதே நாட்டில் கறுப்பினத்தவர் எப்படி நடந்தார்கள்? நியாயமான மறுப்பு. அதற்கு விவேகானந்தரின் வாழ்க்கையே சாட்சி சொல்லும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவரைக் கறுப்பினத்தவர் என்று நினைத்து விடுதிகளில் இடம் மறுத்தார்கள் என்று அவர் வரலாறுகள் கூறுகின்றன. நான் இந்தியன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, இன்னொருவனைத் தாழ்த்தித்தான் நான் உயரவேண்டுமா என்று அவர் கோபப்பட்டார். நிறவரியைக் கண்டதும் அந்தப் பக்கம் தாவிக்கொள்ளாத அயலார்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

1919 ஜூலையில் சிகாகோவில் நடந்ததையும் பார்க்கலாம். மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கடந்து வெள்ளையர் பக்கத்துக்குப் போய்விட்டான். கல்லடிபட்டு மூழ்கினான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். தண்ணீரிலேயே கோடு கிழித்த நகரம் அது. நியூயார்க்கில் 2011-ஆம் ஆண்டில் மட்டும் காவலர்கள் 6 லட்சத்து 85 ஆயிரத்துக்கும் அதிகமான முறை தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதித்தார்கள்; நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். அந்த நடைமுறை அரசியல் சாசனத்துக்கு விரோதமாக நடத்தப்பட்டது என்று 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பெற்றோர்கள் வணக்கம் வாங்கிக்கொண்டு உலாவிய அதே நாட்டின் நடைபாதையில், வேறொரு தாயின் மகன் கைகளைச் சுவரில் வைத்து நின்றான். இதுவும் அமெரிக்கத் தெருவேதான்.

ஆகவே அமெரிக்கத் தெரு சொர்க்கம் என்பதல்ல எங்கள் வாதம். நடையைப் பார்க்கத் தெரிந்த கண், நியூயார்க்கின் பெருமையையும் சிறுமையையும் ஒருசேரப் பார்த்துவிடும் என்பதே. லாலா லஜபதி ராய் முதல் உலகப்போரின்போது அமெரிக்காவில் தங்கி, 1916-இல் அந்நாட்டைப் பற்றிய தம் பதிவுகளை நூலாக்கியபோது கறுப்பினத்தவரின் நிலையையும் நம் ஒடுக்கப்பட்டோரின் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குப்பைத்தொட்டியைப் பார்க்கும் கண்ணுக்கு இந்த ஒப்பீடு எட்டாது.

அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் இன்னோர் இந்தியரும் இருந்தார். 1913 ஜூலையில், 22 வயதில், பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அம்பேத்கர். பல்கலைக்கழகத்தை ஒட்டியே ஹார்லெம். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டன என்று பின்னாளில் அவர் எழுதினார். 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அன்று அவர் ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். விவேகானந்தரின் ஐரிஷ்காரன் திரும்பிப் போகவேண்டியிருக்கவில்லை. அம்பேத்கர் திரும்பினார். வெளியே கற்ற நடைக்கு ஊரில் தெரு இல்லை என்றால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர் வாழ்க்கைதான் முதலில் கேட்டது.

இந்தக் கேள்வி படுகையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. திருப்பூருக்கும் சென்னைக்கும், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போன சேரி இளைஞர்கள் பொங்கலுக்கும் கோடைத் திருவிழாவுக்கும் ஊர் திரும்புகிறார்கள். நகரத்துத் தெருவில் அவர்கள் யாரென்று யாரும் கேட்பதில்லை. பெருநகரம் யாரையும் அன்போடு அணைத்துக்கொள்வதில்லை. தகப்பன் பெயரையும் தெருப் பெயரையும் கேட்காமல் விட்டுவிடுகிறது. அதுவே ஒருவனின் நடையை மாற்றப் போதுமானதாக இருக்கிறது. அந்த நடையோடும், புதுச் சட்டையோடும், மோட்டார் சைக்கிளோடும் குடியானத் தெருவில் நுழையும்போது முகங்கள் சுருங்குகின்றன. திருவிழாக் காலத்து ஊர்த் தகராறுகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. செய்தித்தாள்கள் அதை இரு தரப்பு மோதல் என்று இரண்டு வரியில் முடித்துவிடும்.

உயிரோடு நடப்பவனுக்கு மட்டுமல்ல இந்தச் சிக்கல். 2016 ஜனவரியில், மயிலாடுதுறைக்கு அருகே திருநாள்கொண்டச்சேரியில் தலித் முதியவர் ஒருவர் இறந்தார். அவர் உடலை வழுவூர்ப் பொதுத்தெரு வழியாக மயானத்துக்குக் கொண்டுபோக எதிர்ப்பு வந்தது. குடும்பத்தினர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். பொதுவழியில் கொண்டுசெல்லலாம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடந்தது வேறு. காவல்துறையினரே உடலைக் கைப்பற்றி, வேறு வழியாக எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள். வழுவூர் என்ற பெயரை நாட்டிய ரசிகர்கள் அறிவார்கள். ஒரு பரதநாட்டியப் பாணிக்கே பெயர் கொடுத்த ஊர் அது; அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. பாதம் எடுத்து வைக்கும் கலையை உலகத்துக்குக் கொடுத்த ஊரின் தெரு, நான்கு பேர் தோளில் போகும் ஒரு கிழவனுக்கு வழிவிடவில்லை.

சட்டப்படி இந்தக் கேள்வி நூறாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்பதுதான் வேதனை. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பினரும் எந்தப் பொதுத்தெருவிலும் நடக்கலாம் என்றது. அவரும் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். வெளிநாட்டுத் தெருவில் நடந்துவிட்டு வந்தவர் பெருமூச்சு விடவில்லை; சொந்த ஊர்த் தெருவைத் திறக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்குப் பின் நூறாண்டு கழித்து, 2025 ஏப்ரலில், வசைச்சொல்லாக மாறிவிட்ட 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது. நல்ல காரியங்கள். ஆனால் பெயர்ப்பலகை மாறிய தெருவில் நடை மாறியதா என்பதை அரசாணை பார்த்துச் சொல்லாது. அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர்கள் எழுதுகிறவர்கள்.

எனவே அமெரிக்கப் பயணக் கட்டுரை எழுதப்போகும் நம் படுகைக்காரர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மன்ஹாட்டனின் நடைபாதையில் நிற்கும்போது அண்ணாந்து பார்ப்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கடந்து போகிறவர்களின் காலைப் பாருங்கள். யார் அவசரமாகப் போகிறார், யார் தயங்கிப் போகிறார், காவலரைக் கண்டதும் யாருடைய தோள் சுருங்குகிறது என்று பாருங்கள். உங்கள் நடையையும் பாருங்கள். ஊரில் நாற்பது ஆண்டு உங்களைப் பார்த்து எழுந்து நின்றவர்கள் இல்லாத ஒரு தெருவில், வரிசையில் பத்தாவது ஆளாக நிற்பது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அது சிலருக்கு விடுதலையாக இருக்கும். சிலருக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டும் எழுதத் தகுந்தவை.

ஊர் திரும்பியபின் இன்னொன்றும் செய்யலாம். நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் இதுவரை கால் வைக்காத தெரு ஒன்று கட்டாயம் இருக்கும். நியூயார்க்குக்கு இருபது மணி நேரம் பறந்தவருக்கு அந்தத் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஐந்து நிமிட நடை. அங்கே அழைப்பில்லாமல் போய் நின்று வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. அதுவும் ஒரு மிராசுத்தனம்தான். அங்கிருப்பவர்கள் உங்கள் தெருவுக்கு எந்த வழியாக வருகிறார்கள், வாசல் வழியாகவா கொல்லை வழியாகவா என்று முதலில் கவனியுங்கள். அவர்களில் எழுதுகிறவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள்; அவர்கள் உங்கள் தெருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். அதற்குப் பிறகு எழுதும் அமெரிக்கக் கட்டுரையில் பெருமூச்சு இருக்குமானால், அதை நாங்கள் மரியாதையோடு வாசிப்போம்.